எந்த வரிசையில் நிறுத்துவது?

விரல் மூட்டளவு உயரமுள்ள ஈயச் சிப்பாய் ஒருவனுக்குச் சட்டை, தோல்வார், துப்பாக்கி, கண் என்று வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடுகிறது. இப்படி நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்து, பழைய போர் ஒன்றை மேசைமேல் ஆடிப் பார்க்கும் அளவுக்குப் படை திரட்டப் பத்து இருபது ஆண்டுகள்கூடப் போய்விடுவதுண்டு. விளையாட்டுக்கா இத்தனை காலம் என்று நகைப்பவர்கள், அய்யனார் கோயில் வாசலில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து நிற்கும் மண்குதிரைகளை நினைத்துக்கொள்ளலாம்.

வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி வாட்டர்லூ போர்க்களத்தைச் சிற்றுருவில் அமைக்கப் புறப்பட்டு, அங்கேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அன்று மாலை 7 மணியளவில் யார் எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். 70,000-க்கும் மேற்பட்ட உருவங்களோடு 1838 இல் அது லண்டனில் காட்சிக்கு வந்தபோது, அவருக்கு மிஞ்சியவை கடனும் சச்சரவும். பிரஷ்யப் படையை அவர் நிறுத்திய இடத்தை ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனின் தரப்பு ஏற்கவில்லை. ஒரு பொம்மை எங்கே நிற்கவேண்டும் என்பது அத்தனை கனமான கேள்வி.

அந்தக் கேள்வி இலங்கையில் நம் ஊவா மண்ணுக்கு வரும்போது கனம் இன்னும் கூடுகிறது. 1630 இல் வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா வீழ்ந்தார். அவர் கூட்டிவந்த, லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ப் படையினரே கண்டியின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். 1817 இல், இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதியான வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய ஊவா திசாவை கெப்பெட்டிபொல, அவர்கள் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றார். 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். கடல் கடந்து கொண்டுபோகப்பட்ட அவருடைய மண்டையோடு நெடுங்காலம் கழித்தே திரும்பிவந்தது. இவரை எந்த வரிசையில் நிறுத்துவது?

தூரிகை பிடித்தவர் முதலாண்டில் இதைக் கேட்பதில்லை. சிவப்புச் சட்டை ஒரு பக்கம், வெற்றுமேனி மறுபக்கம், அவ்வளவுதான். ஆனால் படை வளர வளரப் படிப்பும் வளர்கிறது. அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்களைச் சண்டையைவிடக் காய்ச்சலே அதிகமாகக் கொன்றது என்று தெரியவருகிறது. ஆங்கிலேயருக்குத் துணையாக மதராஸிலிருந்து சிப்பாய்கள் வந்ததும் தெரியவருகிறது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கட்டத் தொடங்கும் முன்பே, நம் மொழி பேசிய சிலர் இந்தக் காடுகளில் துப்பாக்கியோடு அலைந்திருக்கக்கூடும். மலையகத்தவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதையல்ல இது. வரலாறு மனிதர்களைத் தொகையாகவே எண்ணுகிறது. தொகைக்கு முகம் இல்லாததால் அதன் ஊரை எரிக்கவும் அதைப் பட்டினி போடவும் எவர் கையும் நடுங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மாலையைக் கொடுத்தே தீரவேண்டிய இந்த நீண்ட உழைப்போ, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பகைமை என்பது ஒருவன் பிறப்போடு கொண்டுவந்த இயல்பல்ல, அன்றைய காலையில் அவன் நின்றிருந்த இடம் மட்டுமே என்ற தெளிவை நோக்கி நம்மை மெல்ல நடத்திச் செல்கிறது.

அந்தத் தெளிவு வந்தபின் மேசையும் போதாமல் போகிறது. வெல்லஸ்ஸ அடங்கியது சண்டையில் தோற்றதால் மட்டுமல்ல. வயலும் வீடும் எரிக்கப்பட்டன, மாடுகள் அழிக்கப்பட்டன, உண்ண ஏதுமில்லாமல் ஊர்கள் சிதறின. விழுந்த வீரர்களை எண்ணி வெற்றி தோல்வி சொல்லும் ஆட்ட விதிகள் இந்தப் பசியை எப்படிக் கணக்கில் எடுக்கும்? எரிந்த களஞ்சியத்துக்கும், பட்டாளத்தின் அரிசி மூட்டையைச் சுமந்து வழியிலேயே மாண்ட கூலிக்கும் அந்தப் பலகையில் இடம் விட்டாக வேண்டும். கடைப் பெட்டிகளில் வருபவர்கள் பெரும்பாலும் ஆயுதம் ஏந்தியவர்களே. சுமைகாரனை நாமேதான் களிமண்ணில் பிடித்தெடுக்க வேண்டும். அவனுக்கு என்ன நிறம் தீட்டுவது என்று சீருடைகளைப் பற்றிய நூல்கள் சொல்வதில்லை.