கை வலிக்கிறதா? கழற்றிப் பார்!

"ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, திருப்பவே முடியவில்லை" என்கிறாய். சரி. அதற்காக வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாயா?

என் படிப்பு பழசு. என் குடும்பம் அப்படி. என் வயது இப்படி. எத்தனை சாக்கு! பழைய வண்டி பழைய மாதிரிதான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

வா! நூறு வருடத்துக்கு முந்தைய கார்களைக் காட்டுகிறேன். பளபளக்கும் பித்தளை விளக்கைப் பார்க்காதே. ஓட்டுகிறவனின் மணிக்கட்டைப் பார்!

1894. பாரிஸிலிருந்து ருவான் வரை ஒரு கார்ப் போட்டி. அந்தக் காலத்துக் கார்களைத் திருப்ப ஒரு நீளக் கம்பிதான் இருந்தது, படகின் சுக்கான் போல. வேகம் கூடினால் கம்பி கையை உதறும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் கம்பியே பிடுங்கிக்கொண்டு போகும்.

ஆல்ஃபிரெட் வாஷெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? நான்கு குதிரைத்திறன் கொண்ட பனார் காரில் அந்தக் கம்பிக்குப் பதிலாக ஒரு வட்டச் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு போட்டிக்கு வந்து நின்றார்!

ஊரே கம்பி பிடித்த காலத்தில், ஒரே ஒருவர் கையில் சக்கரம். உனக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறதா? "எல்லாரும் இப்படித்தானே ஓட்டுகிறார்கள்" என்று சொல்லித்தானே நீ இத்தனை நாளை ஓட்டினாய்?

நாலே வருடம். 1898ல் பனார் நிறுவனம் தன் கார்களில் சக்கரத்தையே வழக்கமாக வைக்கத் தொடங்கியது.

அடுத்து ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். ஏழை விவசாயியும் வாங்க முடிந்த கார். விலை மலிவு. ஆனால் ஸ்டீயரிங்?

சக்கரத்துக்கு நேர் கீழே ஒரு சின்ன டப்பா. அதற்குள் மூன்று பல்சக்கரங்கள். கை நாலு பங்கு திருப்பினால் தண்டு ஒரு பங்கு திரும்பும். அந்த நாலு மடங்குதான் உனக்குக் கிடைக்கும் மொத்த உதவி! முன்சக்கரம் கல்லில் மோதினால் உதை நேராகக் கைக்கு வரும். மணல் தடத்தில் விட்டால் சக்கரம் தன் போக்கில் இழுக்கும்.

அந்த விவசாயிகள் விதியை நொந்துகொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? இல்லை! கடைக்குப் போனார்கள். முன்சக்கரங்களை நேராக இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வாங்கினார்கள். தாங்களே படுத்து, தாங்களே முடுக்கினார்கள். சிலர் ஸ்டீயரிங் கியரையே மாற்றினார்கள்.

அந்தக் கியர் எங்கிருந்து வந்தது? இந்தியானா மாநிலத்தில் டேவிட் ராஸ் என்று ஒருவர். பர்டூ பல்கலைக்கழகத்தில் 1893ல் பொறியியல் முடித்தவர். பட்டத்தை வாங்கிக்கொண்டு நேரே குடும்பப் பண்ணைக்குத் திரும்பினார்.

"படித்துவிட்டு மாட்டுக்குப் புல் போடுகிறேனே" என்று நீயாக இருந்தால் புலம்பியிருப்பாய். ராஸ் ஸ்டீயரிங் கியர் செய்தார்! 1906ல் லஃபாயெட் நகரில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். மாடல் டி காரில் கழற்றி மாட்டக்கூடிய ராஸ் கியரும் பிறகு வந்தது. பழைய ஃபோர்டு பிரியர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள்.

கடைசியில் ஃபோர்டு நிறுவனமும் இறங்கி வந்தது. 1925 வாக்கில் நாலுக்கு ஒன்று என்பதை ஐந்துக்கு ஒன்று என்று மாற்றியது. கை கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஆனால் நோகாது. அந்த ஐந்துக்கு ஒன்று கியரை அதற்கும் முந்தைய மாடல் டி-யில் இன்றும் மாட்டுகிறார்கள். வண்டி பழசுதான். திருப்பம் புதுசு!

இதெல்லாம் சின்ன விஷயம் என்கிறாயா? அப்படியானால் ஃபிரான்சிஸ் டேவிஸின் கதையைக் கேள். இதைக் கேட்டபிறகும் நீ சாக்கு சொன்னால், உன்னிடம் பேசுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

ஹார்வர்டில் பொறியியல் படித்தவர். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளர். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. அந்தக் கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் தோளைக் கொடுத்துப் போராடுவதைப் பார்த்தார். பார்த்தவர்கள் எத்தனையோ பேர். வேலையை விட்டவர் அவர்!

மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊர். ஒரு வாடகைப் பட்டறை. கூட ஜார்ஜ் ஜெசப் என்ற ஒரு கருவித் தொழிலாளி. எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்பதுதான் கனவு.

அழுத்தம் என்பது லேசான எதிரியா? அந்தக் காலத்து இயந்திரங்களில் வால்வை மூடியே வைத்திருப்பார்கள். அழுத்தம் ஓயாமல் உச்சத்தில் நிற்கும். எண்ணெய் கசியும், சக்தி வீணாகும். காருக்குள் அதை வைக்க முடியாது.

டேவிஸ் தலைகீழாக யோசித்தார். வால்வைத் திறந்தே வைத்தார்! எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டிருக்கட்டும். கை திருப்பும் கணத்தில் மட்டும் வழி அடைபடட்டும், அழுத்தம் ஏறட்டும். அந்த ஒரு எண்ணம்தான் பவர் ஸ்டீயரிங்கின் உயிர். உலகமே ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கம் பார்ப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அதைப் பொருத்த அவர் புதுக் கார் கேட்டாரா? 1921ஆம் வருடத்துப் பியர்ஸ்-ஆரோ ஒன்றில் மாட்டினார். வேலை செய்தது! 1926ல் டெட்ராய்ட்டுக்குப் போய்க் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. ஜெயித்துவிட்டார் அல்லவா?

இல்லை! பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. கார் விற்கவில்லை. செலவு கட்டாது என்று 1934ல் ஒப்பந்தத்தை முறித்தார்கள். அவர் உள்ளே நுழைந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. வயது நாற்பதுகளின் பின்பாதி. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உண்மையைச் சொல்!

அவர் 1936ல் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். பிறகு உலகப் போர். கனத்த ராணுவ வண்டிகளைத் திருப்ப ஆளின் கைவலு போதவில்லை. போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளில் அவருடைய அமைப்பு ஓடியது.

1951ல் கிரைஸ்லர் இம்பீரியல், பவர் ஸ்டீயரிங்குடன் சந்தைக்கு வந்தது. காலாவதியான அவருடைய காப்புரிமைகளை வைத்துச் செய்தது அது! அவருக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் போட்டியில் பின்தங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் யாரைத் தேடி ஓடியது? முன்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதே, அதே டேவிஸை! அடுத்த வருடமே கேடிலாக் கார்களில் அது வந்துவிட்டது.

இருபத்தைந்து வருடம்! நீ எத்தனை மாதம் முயன்றுவிட்டு "நடக்காது" என்கிறாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர், ஸ்டீயரிங் கனம் என்றவுடன் விலை உயர்ந்த கிட் வாங்க ஓடுகிறார்கள். தேர்ந்த மெக்கானிக் அப்படி ஓடமாட்டார். முதலில் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்குவார். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னில் கிரீஸ் இருக்கிறதா? டை ராட் மூட்டு இறுகிப்போயிருக்கிறதா? டயரில் காற்று சரியா? முன் அச்சின் சாய்வு சரியா? பல வண்டிகளின் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

விதி, விதி என்று நீ கத்திய எத்தனை விஷயம், காய்ந்துபோன ஒரு கிங்பின்னாக இருந்திருக்கும்? குனிந்து பார்த்தாயா?

பார்த்தபிறகும் கனமாக இருந்தால், மாற்று! இன்று ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணில் படாமல் உட்காரும் மின்மோட்டார்கள் வந்துவிட்டன. "ஒரிஜினல் கெட்டுப்போகும்" என்று பயமா? பழைய பாகத்தைத் துடைத்து, எண்ணெய் பூசிப் பத்திரமாக வை. வேண்டியபோது திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஓட்ட முடியாமல் ஷெட்டில் துருப்பிடிக்கும் ஒரிஜினலை விட, சாலையில் திரும்பும் வண்டிதான் எனக்குப் பெரிது!

தவறாக மாட்டிவிடுவேனோ என்று நடுங்குகிறாயா? தெரிந்தவரிடம் கேள். ஸ்டீயரிங் விளையாட்டல்ல, உயிர். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை பார். பயந்தால் கவனமாகச் செய். ஆனால் செய்!

எழுந்திரு! பல வருடமாக எதைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாயோ, அதன் மூடியை இன்றைக்கே கழற்று. எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று உன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து பேசு!