கயிலைக் காட்சியும் ஐயாற்றுக் காட்சியும்

கயிலைமலையைக் கண்ணாற் கண்டு, மானச வாவியில் முழுகி மீண்டவர்க்கே சிவபுண்ணியம் முற்றும் என்றும், அது வாயாதார் பிறவி குறையுடையதாய்க் கழியும் என்றும் ஒரு கருத்து இந்நாளில் சைவ நன்மக்களிடையே வேரூன்றி வருகின்றது. போக்குவரத்து எளிதானமையும், 2012 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு இச்செலவினர்க்குப் பொருளுதவி அறிவித்தமையும், சென்று மீண்டார் காட்டும் படங்களும் அக்கருத்தை வளர்த்தன. ஒரத்தநாட்டுப் பக்கத்தே உழுதொழில் செய்யும் முதியவர் ஒருவர் அண்மையில் எம்பால் வந்து, தம் மூன்று மா நிலத்தை விற்றுக் கயிலை சென்று வரலாமோ என வினவினார். மகன் கடன்பட்டிருக்கின்றான், பேத்தியின் மணம் முடிய வேண்டும், நிலமோ அஃதொன்றே. "போகாமல் இறந்தால் சிவபெருமான் என்னை ஏற்பாரோ, ஐயா?" என்பதே அவர் உள்ளத்தை வருத்திய ஐயம். இவ்வையம் அவர் ஒருவர்க்கே உரியதன்று ஆதலின், ஈண்டு அதனை ஆராய்வாம்.

முதற்கண் அவ்விடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். திபேத்து நாட்டிலுள்ள கயிலை ஏறத்தாழ 6,638 மீட்டர் உயரமுடையது. அதன் தெற்கே 4,590 மீட்டர் உயரத்தில் மானச வாவி பரந்து கிடக்கின்றது. சூழ்ந்த பனிமலைகளின் உருகுநீரே அதனை நிறைப்பது. பனிக்காலத்தில் அவ்வாவி முழுதும் உறைந்து கல்லாகும். சிந்துவும், சட்லெச்சும், பிரமபுத்திரையும், கர்னாலியும் ஆகிய பேராறுகள் அவ்வட்டாரத்திலேயே தோன்றுகின்றன. மலையை வலம்வரும் வழி ஏறத்தாழ 52 கிலோமீட்டர். அதன் உச்சமாகிய தோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேற்பட்டது. அங்குள்ள காற்றின் அழுத்தம் கடல்மட்டத்ததிற் பாதியளவே. காவிரி வண்டலில் வரப்பின்மேல் நடந்து பழகிய கால்களும், தாழ்நிலத்துக் காற்றை உண்டு பழகிய நெஞ்சும் அவ்விடத்துத் தளர்வது இயல்பேயாம். மலையுச்சியில் மக்கள் ஏறியதாகப் பதிவில்லை.

இனி, "மலையும் வாவியும் மாயையின் காரியமாகிய சடப்பொருள்களன்றோ? சிவம் எங்கும் நிறைந்ததாக, ஒரு மலையை நாடிச் செல்லுதல் எற்றுக்கு?" என்று தடை நிகழ்த்துவாரும் உளர். அற்றன்று. எங்கும் நிறைந்த முதல்வன் பாலில் நெய்போல ஓரிடத்து விளங்காது நிற்பன். தயிரில் நெய்போல ஓரிடத்து விளங்கி நிற்பன். திருக்கோயிலும் அடியார் திருவேடமும் வழிபடத்தக்கனவாதல் இதுபற்றியே. எண்ணிறந்த அன்பர் பன்னூறாண்டு நினைந்து நினைந்து வழிபட்ட மலையும் அவ்வாறே வழிபடத்தக்கது. ஆதலின் கயிலைச் செலவை வீண் என இகழ்தல் சைவர்க்கு அடாது. ஆயினும், தயிரே கையிலிருப்பினும் கடையாதவன் நெய் காணான் என்பதும் அவ்வுவமையுள் அடங்கியதே. இடம் எத்துணை உயர்ந்ததாயினும், சென்றவன் உள்ளத்தில் அன்பு கடையப்படாதொழியின், அவன் கண்டது பனியும் பாறையுமேயன்றிப் பிறிதில்லை.

இவ்வுண்மையைத் தெளிவிப்பன கயிலையொடு தொடர்புற்ற வரலாறுகளே. இலங்கை வேந்தன் அம்மலையை அடைந்தான். அடைந்ததோடு அமையாது தன் தோள்வலியாற் பெயர்க்கவும் முயன்றான். அவனைப்போல் அம்மலையை மெய்யுறத் தீண்டினார் யாவர்? தீண்டியும் அவன் பெற்றது நெரிவேயாம். திருவிரலின்கீழ் நெரிந்து, "யான்" என்பது ஒடுங்கிப் பாடிய பின்னரே அருள் பெற்றான். காரைக்காலம்மையாரோ, இம்மலையைக் காலால் மிதித்தல் தகாதென்று தலையினால் நடந்து சென்றார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தாமே நடந்து சென்றாரல்லர். அஞ்சைக்களத்தினின்று வெள்ளை யானைமேல் அழைத்துக்கொள்ளப்பட்டார். திருநாவுக்கரசு சுவாமிகள் முதுமையிலே கால் தேய, கை தேய, மார்பு தேயச் சென்றும் அதனை எட்டினாரல்லர். முனிவராய் எதிர்ப்பட்ட பெருமான் பணித்தவாறு அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்தார்.

இவற்றுள் உய்த்துணரத்தக்கது ஒன்றுண்டு. கயிலையை எட்டிய அம்மையாரையும் பெருமான் அங்கேயே இருத்தினானல்லன். தன் ஆடல் காணுமாறு தமிழ்நாட்டுத் திருவாலங்காட்டுக்கு அனுப்பினான். எட்டாத நாவரசரையும் வெறுங்கையராய் விடுத்தானல்லன். காவிரிக் கரையிலே கயிலைக் கோலம் காட்டினான். அங்ஙனம் அவர் கண்டவை யாவை? பிடியொடு களிறு, பெடையொடு கோழி, குயில், மயில், நாரை, கிளி, நாகொடு எருது ஆகிய இவையே. இவற்றுள் நம் நாட்டுத் தோப்பிலும் துறையிலும் தொழுவத்திலும் காணலாகாதது யாது? முன்னும் கண்முன் திரிந்த உயிர்களே. அவற்றைச் சிவமும் சத்தியுமாகக் காணும் கண்ணே புதியது. அதனாலன்றோ அவர் அதனை முன்பு காணாத காட்சியென வியந்தார்! கயிலைச் செலவின் பயன் இதுவென்று அவ்வரலாறே காட்டிற்று.

மானச வாவிக்கு மேற்கே இராவணன் பெயரால் வழங்கும் இராட்சத தாலம் உள்ளது. இரண்டும் அணித்தணித்தே கிடந்து பனிமலை நீரையே பெறுவன. ஆயினும் மானசத்து நீர் இன்சுவையது. மற்றையதன் நீர் உவர்ப்புடையது. மானசம் நிறைந்தவழித் தன் நீரைக் கால்வாய் வழியாக மேற்கே விடுகின்றது. இராட்சத தாலமோ கொண்ட நீரைப் பெரும்பாலும் போகவிடாது வெயிலில் வற்றவிடுதலின் உப்புச் செறிகின்றது. பெற்றதைத் தன்னுள்ளே தேக்கும் ஆணவத்தின் இயல்புக்கு இதனினும் நல்ல உவமை வேண்டுமோ? கயிலை கண்டேன் என்னும் பெருமையைத் தேக்கி, காணாத அயலானை இகழ்பவன், மானசத்தில் மூழ்கியும் இராட்சத தாலத்து நீரையே சுமந்து மீண்டவனாவன்.

அற்றேல், உடம்பாற் சென்று காண்டல் வீடுபேற்றுக்கு இன்றியமையாததன்றோ எனின், அன்று. என்னை? 1962 ஆம் ஆண்டுப் போரை ஒட்டி அடைபட்ட அவ்வழி 1981 ஆம் ஆண்டிலேயே மீளத் திறந்தது. 2020 இல் நோய்த்தொற்றால் நின்றது. 2025 இல் மறுபடியும் தொடங்கிற்று. இந்திய அரசு அவ்வாண்டில் அனுப்பத் திட்டமிட்ட அன்பர் 750 பேர். அவரும் 18 முதல் 70 அகவைக்குட்பட்டு, மருத்துவத் தேர்வில் தேறினவரேயாதல் வேண்டும். நேபாள வழியாகத் தம் பொருளாற் செல்வார் வேறு. வழி அடைபட்ட ஆண்டுகளில் உயிர்நீத்த அன்பர்க்கும், எழுபதைக் கடந்தார்க்கும், நெஞ்சு நோயுடையார்க்கும், கூலிக்கு நடவு நடும் ஏழைப் பெண்ணுக்கும் திருவருள் கதவடைக்குமோ? இரு நாட்டரசுகளின் உடன்படிக்கையால் திறந்தும் மூடியும் நிற்பதொரு வாயில் வீட்டின் வாயிலாகாது.

மலைநாட்டின் இடர்ப்பாட்டையும் மறத்தலாகாது. 1998 ஆகத்து மாதத்தில் மால்பா என்னுமிடத்து மலைச்சரிவில் கயிலைச் செலவினர் உட்பட இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்தில், 2013 சூன் மாதத்துப் பெருமழையில் கோயிலுக்கு மேலிருந்த சோராபாரிப் பனிவாவி கரையுடைந்து பாய, அவ்வெள்ளத்தில் மாண்டார் ஆயிரக்கணக்கானோர். மாண்டாரைப் பாவிகளென்றோ, பிழைத்தாரைப் புண்ணியரென்றோ அளந்து கூறுதல் நமக்கு உரியதன்று. அவரவர் வினையை அறிவான் இறைவன் ஒருவனே. உலகு வெம்மையுற்றுப் பனிப்பாறைகள் உருகிவருதலின், இத்தகைய வாவிகளின் அச்சம் பெருகுகின்றது என்பதை மட்டும் செல்வார் உணர்தல் வேண்டும். காலால் மிதிக்கவும் அஞ்சிய அம்மையார் வழிவந்தோம் எனச் சொல்லிக்கொண்டு, அம்மலைவழியிற் குப்பையை எறிந்து வருவாரை யாது கூறி அழைப்பது?

ஆதலின் அம்முதியவர்க்கு யாம் கூறிய விடை இது. கடமை முடித்து, பிறர் பொருளை வருத்தாது, உடல்வலியும் உள்ள அன்பர் கயிலைக்குச் செல்க, செல்லுதல் நன்றே. நிலத்தை விற்று மகனையும் பேத்தியையும் துயரில் நிறுத்திச் செல்லுதல் சிவபுண்ணியமாகாது. அவர் கண்ணீரும் சிவன் உறையும் உயிர்களின் கண்ணீரன்றோ? ஒரத்தநாட்டுக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டரே. அங்கே ஐயாறப்பர் திருக்கோயிலில் சோழமாதேவியர் எடுத்த வடகயிலாயமும் தென்கயிலாயமும் இன்றும் நிற்கின்றன. ஆடி அமாவாசையில் கயிலைக் காட்சி ஆண்டுதோறும் நிகழ்கின்றது. நாவரசர்க்குப் போதுமென இறைவன் கருதிய இடம் நமக்குப் போதாதோ?

இன்னும் ஒன்று. இரண்டாம் சரபோசி மன்னர் எடுப்பித்த முத்தாம்பாள் சத்திரம் அவ்வூரிலேயே உள்ளது. சேதுவுக்குச் செல்லும் வழிநடையர்க்கு அங்கே அன்னமிடப்பட்டது. நெடுந்தொலைவு நடந்து வந்தவர் ஒருபுறம். ஊரைவிட்டு அகலாது அவர்க்கு உலைவைத்தும் இலையிட்டும் நின்றவர் ஒருபுறம். அவ்விருவருள் இறைவன் ஏற்றது ஒருவரையே என்று சொல்லத் துணிவார் யார்? தம் மூன்று மா நிலத்தில் விளைந்த நெல்லில் ஒரு மரக்காலேனும் அடியார் அமுதுக்கு அளப்பவர், தொழுவத்து எருதைக் கோலால் வருத்தாது சிவமெனக் கண்டு தட்டிக்கொடுப்பவர், கயிலைக்குச் சேயராகார். அம்முதியவர் நிலத்தை விற்கவில்லை. அவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு ஐயாற்றுக்குப் பேத்தியையும் உடனழைத்துச் சென்று வந்தார் என அறிந்து மகிழ்ந்தோம்.

திருச்சிற்றம்பலம்.