வரப்பின் முள்ளும் இல்லறத்தார் அகிம்சையும்

தொண்டை நாட்டுத் தமிழ்ச் சமணர்களிற் பெரும்பாலோர் உழவுக் குடியினர். கருமபூமியின் தொடக்கத்தில் மக்களுக்கு அறுதொழில் வகுத்தளித்த ஆதிபகவன், உழவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தருளினார் என்பது நம் முன்னோர் மரபு. ஆகவே நிலத்தை உழுவதும் களை பறிப்பதும் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டனவல்ல. எனினும், வயலின் நடுவே களை பறிக்கும்போது எழாத ஓர் ஐயம் வரப்போரத்துப் புதரின் முன் நிற்கும்போது எழுகின்றது. பயிரைக் காக்கக் களை பறிக்கிறோம். வரப்பின் மேல் பயிர் இல்லையே! அங்கு நிற்கும் ஓரறிவுயிரை அழிக்க நமக்கு என்ன காரணம்? பயனின்றி மண்ணைத் தோண்டுவதையும், தீ மூட்டுவதையும், செடி கொடிகளை வெட்டுவதையும் சமந்தபத்திர சுவாமிகள் தமது இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்த தண்டத்துள் அடக்கியிருக்கிறார். எனவே இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அன்று.

காரணம் உண்டு என்பதே நம் கருத்து. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களில் சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டது. உண்ணிச்செடியும் அக்கண்டத்ததே, அழகுச் செடியாகத் தோட்டங்களுக்கு வந்து வேலி தாண்டியது. கருவேல நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரியாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிப்பட்டு வாய்க்காலிலும் வயலிலும் முளைக்கும். உண்ணிப் பழத்தைப் பறவைகள் பரப்பும். ஐந்தாறு ஆண்டுகள் கவனியாது விட்டால் வரப்பில் நின்ற நொச்சியும் ஆவாரையும் கிளுவையும் நெருக்குண்டு மறையும். பனங்கன்று வெளிச்சம் காணாது. இவையும் உயிர்களே. ‘பச்சை மரத்தை வெட்டுவது பாவம்’ என்று சும்மா இருந்துவிடுபவர், அந்த அழிவில் தமக்குப் பங்கில்லை என்று கூறிவிட முடியாது.

ஆனால் அகற்றும் முறையில்தான் நாம் இடறுகிறோம். நம் குடும்பத்து நிலத்தில் நிகழ்ந்ததையே சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில், வடக்கு வரப்பில் மண்டியிருந்த உண்ணிப் புதருக்குத் தீ வைக்கச் சொன்னோம். வேலை எளிது, கூலியும் குறைவு. மறுநாள் காலை சென்று பார்த்தபோது, சாம்பலுக்கிடையே ஒரு சிறு குழியில் கௌதாரி முட்டைகள் வெடித்துக் கிடந்தன. அருகே நத்தைக் கூடுகள், வெந்த ஓணான் ஒன்று. எறும்பையும் கறையானையும் எண்ணப் புகுந்தால் முடிவில்லை. ஓரறிவுயிர் ஒன்றை அகற்றப் போய் ஈரறிவு முதல் ஐயறிவு வரை அனைத்தையும் எரித்தோம். இத்தனைக்கும் உண்ணி சாகவில்லை. மழை வந்ததும் அடிக்கட்டையிலிருந்து முன்னினும் அடர்த்தியாகத் தழைத்தது.

தீக்குச்சியைக் கிழித்தது நம் கை அன்று, கூலியாளின் கை. அதனால் வினை குறைந்ததா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் ஒரு தட்டில் வைத்தே நம் ஆசாரியர்கள் எண்ணினர். பிறர்க்குக் கோடரியும் மண்வெட்டியும் தீயும் கொடுப்பதையே ஹிம்சாதானம் என்று சமந்தபத்திரர் தனியே பெயரிட்டு விலக்குகிறார். இன்று நம்மவரிற் பலர் நகரத்தில் வாழ்கின்றனர். நிலம் குத்தகையில் இருக்கிறது. ‘ஜேசிபியை விட்டுத் துப்புரவாக்கிவிடு’ என்றோ, ‘களைக்கொல்லி அடித்துவிடு’ என்றோ தொலைபேசியில் ஒரு சொல் சொல்லி முடிக்கிறோம். அன்று மாலை விளக்கேற்றுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகி, குற்றமற்றவராக உறங்குகிறோம். நீரை வடிகட்டும் துணிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை அந்தத் தொலைபேசிச் சொல்லுக்குக் கொடுத்தோமா?

வேறொரு குற்றமும் உண்டு. அது உள்ளத்தில் நிகழ்வது. 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற ஆணையிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசும் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. இரண்டும் வேண்டியனவே. ஆயினும் அம்மரத்தைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் வரும் ‘நாசகாரன்’, ‘எமன்’ முதலிய சொற்களைக் கவனியுங்கள். அது தானாகக் கடல் கடந்து வரவில்லை. மனிதர் கொண்டுவந்தனர், விதைத்தனர். இராமநாதபுரத்து வறண்ட நிலத்தில் அதன் கரியால் அடுப்பெரித்த ஏழைக் குடும்பங்கள் பல. வெட்டும் கையில் சினம் கலந்தால், மரத்தினுடைய திரவிய ஹிம்சையோடு நம்முடைய பாவ ஹிம்சையும் சேர்கின்றது. முன்னது சில வேளை தவிர்க்க முடியாதது. பின்னதற்கு என்ன கட்டாயம்?

இனி, காலம் பற்றிய சிக்கல். கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒன்று பலவாகக் கிளைக்கும். ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மண்ணுக்குக் கீழே வேரின் தலைப்பகுதியை ஓரடி ஆழமேனும் தோண்டி எடுத்தால் ஒருமுறையோடு முடியும். கன்றாக இருக்கையில் கையாலேயே பிடுங்கலாம். இதற்கு மண் ஈரமாக இருக்கவேண்டும். ஆனால் மழைக்காலமோ மண்ணில் சிற்றுயிர்கள் பெருகும் காலம். முனிவர்கள் நடையையே நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசியம் அதனாலன்றோ! கோடையில் தோண்டினால் மண் பாறையாக இருக்கும். கௌதாரியும் அப்போது அடைகாக்கும். நாம் கண்ட இடைவழி தை மாதம். மழை ஓய்ந்திருக்கும்; சம்பா அறுவடையும் நடக்கும்; ஈரம் சற்று எஞ்சியிருக்கும். அட்டமி, சதுர்த்தசி விலக்கி, முதலில் கோலால் புதரைத் தட்டி உள்ளிருப்பன வெளியேறக் காத்திருந்து, பகலொளியில் பார்த்துப் பார்த்துத் தோண்டச் செய்கிறோம். தோண்டிய இடத்தில் கிளுவைப் போத்து நடுகிறோம். வெற்றிடமாக விட்டால் உண்ணியே மீண்டும் வரும். இதிலும் மண்புழு வெட்டுப்படுகிறது. குற்றமே இல்லாத வழி என்று இதை நாம் சொல்லவில்லை.

இம்முறையை முதன்முதல் சொன்னபோது குத்தகைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “தீ வச்சா அரை நாள் வேலைங்க ஐயா. வேரோட தோண்ட ரெண்டு ஆளுக்கு ஆறு நாள் ஆகும். அந்தக் கூலி யாரு குடுப்பா?” என்றார். கேட்டது நியாயம். அவருடைய நெல்லில் நம்முடைய விரதத்தை எப்படி நடத்துவது? கூலி முழுவதையும் நாமே தருவதாக ஒப்புக்கொண்டோம். கையிலிருந்த பணம் பாதி வரப்புக்கே போதுமானதாக இருந்தது. மீதிப் பாதி அடுத்த தைக்கு நின்றது. அதுவரை அங்கே தீ வைப்பதில்லை என்று அவரும் வாக்களித்தார்.