நிலையாமையும் இன்றைய கடனும்

யாக்கை நிலையாதென்பதை அறியாதார் ஒருவருமிலர். அவ்வறிவினாற் கொள்ளத்தக்க பயன் யாதென்பதிலேயே மாந்தர் வேறுபடுகின்றனர். எல்லாம் அழிவனவாயின் முயல்வதாற் பயன் என்னையென்று சோம்புவார் சிலர். நாளை உறுதியன்றாயின் இன்றே நுகர்வோமென்று புலன்வழிச் செல்வார் சிலர். இவ்விரு திறத்தாரும் நிலையாமையைப் பாதியே உணர்ந்தவராவர்.

நாலடியாரின் அதிகார முறையை நோக்குக. செல்வநிலையாமை, இளமைநிலையாமை, யாக்கைநிலையாமை என்னும் மூன்றனையும் அடுத்து நிற்பது அறன்வலியுறுத்தல். நிலையாமை கூறப்பட்டது அஞ்சி ஒடுங்குதற்கன்று, அறத்தை விரைந்து செய்தற்கே என்பது இம்முறைவைப்பானே பெறப்படும்.

அற்றேல், விரைவு செய்வோனுடைய ஆயுளின் குறுமை பற்றி மாத்திரமோ வேண்டப்படுவது? அன்று. செய்யப்படும் பொருளும் நிலையாது. அதன் பயனைப் பெறுவோரும் நிலையார்.

பொருள் நிலையாமைக்கு ஏட்டுச்சுவடிகளே சான்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் (1832–1901) கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சிட்டபோது அகவை ஐம்பது கடந்திருந்தார்கள். பூச்சி அரித்தும் ஓரம் முரிந்தும் கிடந்த ஏடுகள் இன்னொரு தலைமுறை வரை காத்திரா என்பதை உணர்ந்தே உழைத்தார்கள். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஏடுகளும் சாம்பராயின. அச்சேறிப் பரவிய நூலை மீண்டும் தேடிப் பெறலாம். பிரதி செய்யப்படாத ஏட்டை எங்ஙனம் பெறுவது?

பெறுவோர் நிலையாமைக்குச் சான்று கூறவும் வேண்டுமோ? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டது. முதனாள் மாலை முல்லைத்தீவுக் கரையில் விளையாடிய சிறுவருட் பலர் மறுநாள் இலர். அவர்க்குச் சொல்லக் கருதியிருந்த நல்லுரைகளும், காட்டக் கருதியிருந்த அன்பும் கருதியவர் நெஞ்சிலேயே நின்றுவிட்டன.

ஆசிரியர்களே! மாணாக்கன் உயிரோடிருப்பினும் அவனது ஐயம் நிலைப்பதன்று. "ஏன்?" என்று அவன் வினாவும் கணமே அவனுள்ளம் திறந்திருக்குங் கணம். "நாளை சொல்வேன்" என்று கடத்துவோமாயின், மறுநாள் மாணாக்கன் வருவான், அவ்வினா வாராது. இரண்டொரு முறை அவ்வாறு கடத்தப்பட்ட பிள்ளை பின்னர் வினாவுதலையே ஒழியும்.

இங்ஙனங் கூறுதலாற் பதற்றத்தை விரைவென மயங்கற்க. இன்று வாழ்தலாவது இன்று முடிவனவற்றையே செய்தலன்று. பனங்கொட்டையை நடுமுதியோன் அதன் நுங்கைத் தான் உண்பேனென்று நடுகின்றிலன். ஆயினும் நடுதற்குரிய நாள் தன் கையிலிருக்கும் இந்நாளே என்பதை அறிவான். நெடுங்காலத்துப் பயன்தரும் வினைகளே இன்று தொடங்கப்படல் வேண்டும். அவற்றுக்கே காலம் மிக வேண்டுமாதலின்.

ஆகலின், பாடசாலையினின்றும் வீடு திரும்புமுன், இன்றைக்குரியதாய் எஞ்சியது யாதென ஒவ்வொரு மாலையும் ஆராய்க. திருத்தப்படாத ஏடாயின் திருத்துக. கடிந்து வருத்திய பிள்ளையாயின் அழைத்து ஓர் இன்சொற் கூறுக. நாளை நாம் வருதலும் கூடும், அப்பிள்ளை வருதலுங் கூடும்; இருவரும் இன்று இங்குள்ளோம் என்பதொன்றே உறுதி.