இரு தரப்புக்கும் ஒரே அம்மன்

வடசென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் மோதின. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் படத்தால் இது ஊரறிந்த செய்தியாயிற்று. பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களின் பகை அது. சண்டைக்கு முன் யார் தேறுவார் என்று ஊர் கணக்குப் போடும். ஆட்டக்காரனோ கையுறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமியை நினைப்பான். இன்று இராயபுரத்திலும் எண்ணூரிலும் கிரிக்கெட் ஆடும் பையன்களும் அப்படித்தான். இரண்டு அணியும் திருவொற்றியூர் வடிவுடையம்மனிடமே வேண்டினால் அவள் யாருக்குச் செவிசாய்ப்பாள்?

தகுதியுள்ளவனுக்கே அருள் என்பார்கள். தகுதிதான் தீர்மானிக்கிறது என்றால் வேண்டுதலுக்கு அங்கே வேலை இல்லை. வேண்டுதல்தான் தீர்மானிக்கிறது என்றால் கிரிக்கெட்டைப் பாருங்கள். தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை 1954-55, 1987-88 என இரண்டே முறை வென்றிருக்கிறது. 2014-15 இறுதியாட்டத்தில் அண்டை மாநிலமான கர்நாடகத்திடம் தோற்றது. கருண் நாயர் அன்று 328 ஓட்டம் குவித்தது நம் பக்கம் பக்தி குறைந்ததாலா? சரி, வேண்டுதல் மனதைத் திடப்படுத்துமே என்றால், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திடம் எதிராளிக்கும் அதே சன்னிதியில் கிடைக்கிறது. திருக்குறள் ஊழுக்கும் ஓர் அதிகாரம் தந்தது, முயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமைக்கும் ஒன்று தந்தது. வள்ளுவர் இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எனவே கை நடுங்காதிருக்க வேண்டலாம். எதிராளி தோற்க வேண்டும் என்று கேட்பது பக்தியில் சேராது.