திரையும் தப்பும்

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 2001இல் இறக்கிய ‘தைக்கோ நோ தத்சுஜின்’ விளையாட்டில், திரையில் சிவப்பு வட்டம் வந்தால் மேளத்தின் நடுவில் அடிக்கவேண்டும். நீலம் வந்தால் விளிம்பில். பிந்தினால் புள்ளி போச்சு. ஆனால் இலங்கைத் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்துக்குத் தப்பு என்ற தோற்பறையை அடிப்பவருக்கு வட்டம் காட்ட யாருமில்லை. ஆடுகிறவரின் காலைப் பார்த்தே அடிப்பார். இரத்தினபுரி, கேகாலை மழையீரத்தில் தோல் தொய்ந்தால் நெருப்பில் காய்ச்சித்தான் இறுக்கவேண்டும். அதற்குப் பொத்தான் கிடையாது. விடியுமுன் தொழிலாளர் குடியிருந்த லயத்தை எழுப்பி, வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கு அழைத்ததும் இதே தப்புதான். அத்தனைக்கும் தேவைப்பட்ட தப்புக்காரரை ஊர் தள்ளியே நிறுத்தியது வெட்கக்கேடு. பிள்ளைகளே, கைபேசியில் தாளம் தட்டுங்கள், தப்பில்லை. வருகிற மாசியில் தப்புக்காரரிடம் அடிக்குச்சியையும் கேட்டு வாங்கிப் பழகுங்கள்.