ஐந்தாமவரின் வாய்மை: அரசாங்க வைத்தியசாலைத் தலைமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தன் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்து நிற்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. வள்ளுவர் காலத்து மருத்துவத்துக்கு இந்நான்கும் போதியனவாயிருந்தன. இன்றைய அரசாங்க வைத்தியசாலையிலோ ஐந்தாமவர் ஒருவர் வந்து சேர்ந்துள்ளார். அவர் எவருடைய நாடியையும் பிடிப்பதில்லை. மருந்தைக் கையால் தொடுவதுமில்லை. ஆயினும் எம்மருந்து எவ்வூருக்கு எப்போது செல்லும், எந்த விடுதி திறந்திருக்கும், எந்த வெற்றிடம் நிரப்பப்படும் என்பன அவருடைய மேசையிலேயே தீர்மானமாகின்றன. பணிப்பாளர், அத்தியட்சகர் எனப் பதவிப் பெயர்கள் பல. மருத்துவனுக்கு ஹிப்போக்கிரட்டீசு காலந்தொட்டு ஓர் உறுதிமொழி உண்டு. இந்த ஐந்தாமவருக்கு உரிய அறம் யாது என்பது அத்துணைத் தெளிவாக வரையறுக்கப்பட்டதன்று.

அவர் செய்யும் பணிகளுள் மிக எளிதாகத் தோன்றுவது நிலைமையை அறிவித்தல். இருப்பு எவ்வளவு, குறை எவ்வளவு, அடுத்த மாதம் யாது நிகழும் என்பவற்றை எழுதி அனுப்புதல். இதிலே அறப்பிரச்சினை எங்கே உளது என வினவலாம். அறிக்கை யாரை நோக்கி எழுதப்படுகின்றது என்பதிலேயே அது தொடங்குகின்றது.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கே உக்குவளை, எல்கடுவை, இறத்தோட்டைப் பகுதிகளின் தேயிலை மலைகள். வடக்கே தம்புள்ளை, கலேவெலை என விரியும் வரண்ட சமவெளி. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் லக்கலையும், சிறுநீரக நோயால் நெடுங்காலமாக வருந்தும் வில்கமுவையும். இவ்வளவு வேறுபட்ட நிலத்தில் வாழும் மக்கள் உயர்சிகிச்சை வேண்டி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், அதனையும் கடந்து கண்டிக்கும் பேராதனைக்கும் செல்கின்றனர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு நோக்கத்துக்கென நிறுவப்பட்டவையும் தவிர்ந்த ஏனைய வைத்தியசாலைகளை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. எனவே ஒரே நோயாளி ஒரே நோய்க்காக இரு வேறு அதிகாரங்களின் வாயில்களைத் தட்டுகிறான். அவ்வதிகாரங்களுக்கிடையே கடிதங்கள் மேலும் கீழுமாகச் செல்கின்றன. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்ற பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நிகழவில்லையாதலின், அவ்வாண்டுகளில் மாகாணத்தின் அறிக்கையை மக்கள் சார்பில் வாசிக்க ஓர் அவைதானும் இருக்கவில்லை. அறிக்கைகள் எழுதப்பட்டன, ஆனால் எவர் பொருட்டு அவை எழுதப்பட்டனவோ அவர்கள் அவற்றின் வாசகராயிருக்கவில்லை.

இது இம்மாவட்டத்துக்குப் புதிதுமன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். எத்தனை பேர் மடிந்தனர் என்பதே தோட்டத்துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே ஒரு வழக்காயிற்று. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், செலவை யார் ஏற்பது என்ற பேச்சு ஓயவில்லை. அவ்விவாதங்களில் எண்ணப்பட்டவர் தொழிலாளர். எண்ணியவரும் எண்ணிக்கையை மறுத்தவரும் பிறர்.

நிலைமையை முழுமையாகச் சொல்லாமை எப்போதும் தீமையா? வாய்மை பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு நெகிழ்ச்சியை அனுமதிக்கிறார்: குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்திலே வைத்து எண்ணப்படும் என்பது அவர் கருத்து. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ற் இதற்கு நேர்மாறானவர். நண்பனைக் கொல்லத் தேடிவருபவனிடத்துங்கூடப் பொய் கூறலாகாது என 1797இல் எழுதினார். இவ்விரண்டில் வைத்தியசாலை வாழ்வுக்கு அணித்தாயிருப்பது வள்ளுவர் நிலையே எனத் தோன்றும். இறக்குந் தறுவாயிலுள்ள முதியவரிடம் "பயப்பட ஒன்றுமில்லை" எனக் கூறும் மருத்துவனைக் கடிந்துகொள்ள எவருக்கும் மனம் வராது.

ஆனால் அம்மருத்துவனின் சொல்லை ஐந்தாமவர் இரவல் பெறவியலாது. மருத்துவன் ஒருவரிடம், அவர் முகத்தைப் பார்த்து, அவர் நன்மைக்காக மறைக்கிறான். மறுநாட் காலை அதே கட்டிலருகே வந்து நிற்கவும் வேண்டும். தலைவர் மறைப்பதோ முகமறியாத ஆயிரம் பேரிடம். அம்மறைப்பால் விளையும் நன்மை பெரும்பாலும் அவருடைய அலுவலகத்துக்கே உரியது. மேலிடத்தின் கேள்வி தவிர்க்கப்படுகிறது, செய்தித்தாளின் தலைப்பு தவிர்க்கப்படுகிறது. வள்ளுவர் இட்ட நிபந்தனை 'குற்றமற்ற நன்மை' என்பதாகும். அந்நன்மை யாருக்கு என்ற வினாவிலேயே பல அறிக்கைகள் தோற்றுவிடும்.

இங்கே வலிமையான தடையொன்று எழுப்பப்படுகின்றது. இன்சுலின் குறைந்துள்ளது என்று பகிரங்கப்படுத்தினால் வசதி படைத்தோர் நகரத்துப் பாமசிகளில் உள்ளதனைத்தையும் வாங்கி அடுக்கிவிடுவர். ஏழைக்கு எஞ்சியதும் இல்லாமற் போகும். ஆதலின் அமைதி காப்பதே கருணை என்பர். பொறுப்புள்ளவர்கள் மெய்யாகவே எண்ணிப்பார்த்துக் கூறும் நியாயம் இது, எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. எனினும் அது ஒன்றைக் கணக்கிலெடுக்கவில்லை. மௌனம் செய்தியை எல்லாரிடமிருந்தும் மறைப்பதில்லை. உள்ளே உறவினரோ நண்பரோ உள்ளவர் ஒரு தொலைபேசி அழைப்பில் அனைத்தையும் அறிந்துகொள்வர். அறியாதிருப்பவர் அவ்வாறு எவருமில்லாதவர் மட்டுமே. தோட்டத்திலே ஒருநாட் பேரை இழந்து, பஸ் கட்டணம் கொடுத்து, விடியுமுன் புறப்பட்டு வந்து, வரிசையில் நின்று, துண்டை நீட்டும்போது "மருந்தில்லை, வெளியே வாங்குங்கள்" எனக் கேட்பவரே அவர். அவருக்கு மறுக்கப்பட்டது மருந்து மட்டுமன்று. புறப்படலாமா, எங்கே புறப்படலாம் எனத் தாமே தீர்மானிக்கும் உரிமையும் மறுக்கப்பட்டது.

2022 மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்படுவதாகவும் அவசரச் சிகிச்சைகள் மட்டுமே நடைபெறும் எனவும் அறிவித்தது. நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அவ்வறிவித்தல் பலருக்குக் கசந்திருக்கும். ஆனால் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்டிருந்தவன் தன் நிலையை அறிந்துகொண்டான். அப்போது கொழும்பில் தங்கியிருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைக் கண்டு, எவ்வாறு உதவலாம் என ஆராயுமாறு தம் உயர்ஸ்தானிகரைப் பகிரங்கமாகவே பணித்தார். இதனைக் காட்டி, உண்மை பேசினால் உதவி வரும் என நிறுவ முயல்வது தவறு. ஒவ்வோர் அறிவித்தலுக்கும் அயல்நாட்டு அமைச்சர் ஒருவர் தலைநகரில் வந்து தங்கியிருக்கப் போவதில்லை. உதவி வராதிருப்பினும் அவ்வறிவித்தல் சரியானதே. அதன் சரிமை நோயாளிக்குரியதை நோயாளியிடம் கொடுத்தமையில் இருந்தது.

மேல்நோக்கி மட்டும் எழுதப்படும் அறிக்கை செல்வ நாடுகளிலும் உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றது. இங்கிலாந்தின் ஸ்ரபோர்ட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நோயாளர் பட்ட துயரத்தை ஆராய்ந்த ரொபேட் பிரான்சிஸ் 2013 பெப்ரவரியில் தம் பொது விசாரணை அறிக்கையை வெளியிட்டார். அங்கே ஆட்சிக்குழு வரவுசெலவைச் சீர்செய்வதிலும், தன்னாட்சித் தகுதி பெறுவதிலும் ஊன்றி நின்றது. 2008இல் அத்தகுதி கிடைத்தும் விட்டது. கண்காணிப்பு நிறுவனங்கள் பல இருந்தன. அவற்றுக்கெல்லாம் தாள்கள் ஒழுங்காகவே சென்றன. நீரின்றித் தவித்த நோயாளரைக் கண்டவர்கள் உறவினர். அவர்கள் கூறியது அத்தாள்களில் ஏறவில்லை. பிரான்சிஸ் 290 விதந்துரைகளைச் செய்தார். தீங்கு நேர்ந்தால் அதனை நோயாளியிடம் ஒளிக்காது கூறவேண்டும் என்னும் சட்டக் கடப்பாடு 2014இல் அந்நாட்டு அரசாங்க வைத்தியசாலைகள் மீது விதிக்கப்பட்டது. நல்லோர் இயல்பாகவே செய்வர் எனக் கருதப்பட்ட ஒன்றைச் சட்டமாக்க நேர்ந்தமை சிந்தனைக்குரியது.

இலவசமாகக் கிடைப்பதற்குக் கணக்குக் கேட்பதா என்ற மனப்பாங்கு இந்நாட்டில் ஆழ வேரூன்றியுள்ளது. கேட்க வேண்டியவரிடமே அது உண்டு. 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. இடையே 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டு 1977இல் கைவிடப்பட்டது. காசு கொடுக்காதவன் கடையை மாற்றிக்கொள்ளவும் இயலாதவன். அதனாலேயே அவனுக்கு உண்மை கூடுதலாக உரியதாகின்றது. மேலும் அது கொடையுமன்று. சீனிக்கும் பருப்புக்கும் கொடுக்கும் விலையினூடே வரி செலுத்தாத தொழிலாளி எவருமில்லர்.

தலைவரும் ஒருவருக்குக் கீழ்ப்பட்டவரே என்பது மெய். அரசாங்க உத்தியோகத்தர் ஊடகங்களுக்குக் கருத்துரைப்பதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகின்றது. சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுவோர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என 2022 செப்டம்பரில் சுற்றறிக்கையும் வந்தது. மறுபுறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கேட்பவனுக்கு விடைகொடுக்கப் பணிக்கின்றது. ஒரு சட்டம் வாயை மூடச் சொல்ல, மற்றொன்று திறக்கச் சொல்லுமிடத்தில் பணிப்பாளர் வீரராக வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. பத்திரிகையாளரை அழைத்துப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். இடமாற்றத்துக்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும். தன் வைத்தியசாலை வாயிலில் "இன்ன மருந்து இவ்வாரம் இல்லை, இன்ன இடத்தில் உண்டு" என ஒரு தாள் ஒட்டுவதற்கு அத்துணைத் துணிவு வேண்டியதில்லை. கான்ற் 1795இல் கூறிய மற்றொரு கருத்து இவ்விடத்துக்கே பொருந்தும்: பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கம் பகிரங்கப்படுத்தத் தாங்காதெனின் அச்செயல் நீதியற்றது. வாயிலில் ஒட்டமுடியாத தீர்மானத்தைக் கோப்புக்குள்ளும் எழுதலாகாது என இதனைப் பணிப்பாளரின் மொழியிற் கூறலாம்.

அத்தாள் எம்மொழியில் இருக்கும் என்பதும் சிறு வினாவன்று. 13ஆவது திருத்தத்தின் வழி தமிழும் அரசகரும மொழியாயிற்று. சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட அறிவித்தல் எல்கடுவைத் தோட்டத்துத் தாய்க்கு மௌனமே. அவ்வாறே அது ஒட்டப்படும் நேரமும். காலை எட்டு மணிக்கு அலுவலகம் திறந்தபின் ஒட்டப்படும் தாள், முந்தைய மாலையே தோட்டத்து மருந்தகத்துக்கும் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பாகச் சென்றிருக்கலாம். இரத்தச் சுத்திகரிப்புக்காக வில்கமுவையிலிருந்து வருபவர் எட்டு மணிக்கு முன்னரே வாயிலில் நிற்கிறார்.